டிரையம்ப்பை வாங்கிய ஸ்டாண்டர்ட் ஏன் பெயரில்லாமல் போனது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தாத்தாவின் பழைய ஆர்சி புத்தகத்தில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்று இருக்கிறது. உதிரிபாகம் தேடி இணையத்தில் பார்த்தால் அதே வண்டியை ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்கிறார்கள். டிரையம்ப் கம்பெனியை விலைக்கு வாங்கியதே ஸ்டாண்டர்ட்தான் என்றும் எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியானால் வாங்கியவர் பெயர் மறைந்து, விலைபோனவர் பெயர் நிலைத்தது எப்படி, ஸ்டாண்டர்ட் திவாலாகி மூடிவிட்டதா என்பதுதான் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது திவாலாகி மூடிய கம்பெனி அல்ல. 1961இல் லேலண்ட் என்ற லாரி கம்பெனி அதை வாங்கியது. 1963இல் பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் செய்வதை நிறுத்தியது. மெட்ராஸில் மட்டும் அந்தப் பெயர் 1980களின் கடைசி வரை ஓடியது. ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பது பல வருடமாக என் பிழைப்பு. எஞ்சின் பற்றிச் சொல்வதெல்லாம் கையால் அளந்து பார்த்த விஷயம். கம்பெனி நிர்வாகத்துக்குள் நடந்தது படித்தும் கேட்டும் தெரிந்தது. அதில் உறுதியானது எது, வழிவழியாகச் சொல்லப்படுவது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியை 1903இல் கவென்ட்ரி நகரில் தொடங்கியவர் ரெஜினால்டு மாட்ஸ்லே. திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்திய ஹென்றி மாட்ஸ்லேயின் கொள்ளுப்பேரன். படித்தது சிவில் எஞ்சினியரிங். லண்டன் டவர் பாலத்தைக் கட்டிய சர் ஜான் வுல்ஃப் பாரியிடம் வேலை பார்த்தார். அந்த வுல்ஃப் பாரியே கார் கம்பெனி தொடங்கப் பணமும் கொடுத்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பாகத்தையும் அரம் போட்டு இழைத்துப் பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே ஓட்டிப் பார்த்து நம்பகமானவை என்று தெரிந்த பாகங்களை மட்டும் வைத்து, ஒரே தரத்தில், ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி கார் செய்ய வேண்டும் என்பது மாட்ஸ்லேயின் எண்ணம். கம்பெனியின் பெயர் அதிலிருந்து வந்தது.

ஆரம்ப வருடங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சார்லஸ் ஃப்ரிஸ்வெல் தலைவராக இருந்தபோது கம்பெனி நன்றாக விளம்பரமானது. 1911 டெல்லி தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் வந்தபோது அந்தப் பயணத்துக்கு ஸ்டாண்டர்ட் கார்கள் போயின. 1914இல் பொதுப் பங்கு நிறுவனம் ஆனது. முதல் உலகப்போரில் விமானம் செய்வதற்காக கவென்ட்ரிக்கு வெளியே கான்லி என்ற இடத்தில் 1916இல் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அங்கே ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் கட்டினார்கள். போர் முடிந்ததும் அதே கொட்டகைகளில் கார். 1924இல் ஒரே வருடத்தில் 10,000 கார்களுக்கு மேல் செய்து ஆஸ்டினுக்கு நிகராக நின்றார்கள். ஆனால் அந்தப் பத்தாண்டின் கடைசியில் லாபம் சரிந்தது. அப்போதுதான், 1929இல், ஹில்மன் கம்பெனியிலிருந்து ஜான் பிளாக் வந்தார். இந்தக் கதையின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த மனிதரிடமிருந்துதான் கிளம்புகின்றன.

பிளாக்கின் பலம் உற்பத்தி. எதையும் நிறைய எண்ணிக்கையில், மலிவாகச் செய்யத் தெரிந்தவர். தன் காருக்குத் தேவையானது போக மிஞ்சிய திறனை அடுத்தவருக்கு விற்றார். அப்படி வந்த வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் வில்லியம் லயன்ஸ். பின்னாளில் ஜாகுவார் ஆன எஸ்எஸ் கார்களின் எஞ்சினும் சேசிஸும் ஸ்டாண்டர்ட் கொடுத்தவை. லயன்ஸ் அவற்றின் மேல் அழகான பாடி கட்டி விற்றார். உள்ளே ஸ்டாண்டர்ட் எஞ்சின், வெளியே வேறொருவர் பெயர். இது ஒரு தனி ஏற்பாடு மட்டுமல்ல. அந்தக் கம்பெனியின் கதை முழுக்க இதே மாதிரிதான் திரும்பத் திரும்ப நடந்தது. நீங்கள் கேட்டதற்கு என் பதிலும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் கான்லியில் மாஸ்கிட்டோ போர் விமானங்கள் ஆயிரத்துக்கும் மேல் உருவாயின. அரசாங்கம் கட்டிய பானர் லேன் தொழிற்சாலையையும் ஸ்டாண்டர்டே நடத்தியது; அங்கே விமான எஞ்சின்கள் செய்தார்கள். 1943இல் பிளாக்குக்கு சர் பட்டம் கிடைத்தது. போர் முடியும் தறுவாயில் அவர் இரண்டு முடிவுகள் எடுத்தார்.

ஒன்று, 1944 இறுதியில் டிரையம்ப்பை வாங்கியது. டிரையம்ப் அப்போது பெயருக்குத்தான் கம்பெனி. 1939லேயே கடனில் மூழ்கிக் கைமாறியிருந்தது. 1940இல் கவென்ட்ரி மேல் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் ஆலையும் நாசமானது. ஆக பிளாக் வாங்கியது உண்மையில் ஒரு பெயரைத்தான். எதற்காக? இங்கே உறுதியானதையும் வாய்வழிக் கதையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சின் செய்யும் கருவிகளை லயன்ஸ் ஸ்டாண்டர்டிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்பது உறுதி. பிளாக் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து லயன்ஸ் உடனே லாரி அனுப்பிக் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்தார், பிறகு பிளாக் திருப்பிக் கேட்டும் தரவில்லை, அந்தக் கோபத்தில் ஜாகுவாருக்குப் போட்டியாக நிறுத்தவே டிரையம்ப்பை வாங்கினார் என்பது வழிவழியாக வரும் கதை. பெரும்பாலும் லயன்ஸ் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. பிளாக்கின் சுபாவத்துக்கு அது பொருந்தித்தான் போகிறது. ஆனாலும் கோபம் மட்டுமே காரணம் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். கொஞ்சம் மிடுக்கான பெயர் ஒன்று தன் கையில் இருக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்திருக்கும்.

இரண்டாவது முடிவு, ஹாரி ஃபெர்குசனின் டிராக்டரை பானர் லேனில் செய்துகொடுக்க 1945இல் போட்ட ஒப்பந்தம். டிஇ20 என்ற அந்தச் சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கு ஓட்டிப்போனதும் இந்த டிராக்டரைத்தான். கம்பெனிக்கு லாபம் கொட்டியது. ஆனால் டிராக்டரில் இருந்த பெயர் ஃபெர்குசன்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். போருக்குப் பிறகு பிளாக் பழைய மாடல்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, உலகம் முழுக்க விற்க ஒரே கார் போதும் என்று முடிவெடுத்தார். 1947இல் அறிவிக்கப்பட்ட வான்கார்டு அதுதான். அமெரிக்கக் கார் மாதிரி உருண்ட முதுகு, ஆனால் நீளம் குறைவு. பாடியை வரைந்த வால்டர் பெல்குரோவை லண்டனில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே நிற்கவைத்து, அங்கே வந்துபோகும் கார்களைப் படம் போடச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியோ, எனக்கு முக்கியம் அதன் எஞ்சின்.

அது வெட் லைனர் எஞ்சின். சாதாரண எஞ்சினில் சிலிண்டரை இரும்பு பிளாக்கிலேயே குடைந்திருப்பார்கள். தேய்ந்தால் லேத் பட்டறைக்குத் தூக்கிப்போய் போர் அடித்து, அதாவது குடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட வேண்டும். வான்கார்டில் இந்த இரும்பு பிளாக் வெறும் கூடு. லைனர் என்ற தனிக் குழாய்கள் நான்கை மேலிருந்து இறக்கிச் செருகுவோம். தண்ணீர் லைனரின் வெளிச்சுவரைத் தொட்டு ஓடும். அடியில் இரண்டு லைனருக்கு ஒன்றாக எட்டு வடிவத்தில் கேஸ்கெட் வரும். லைனரின் விளிம்பு பிளாக் மட்டத்துக்கு மேல் மூன்று முதல் ஐந்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது, தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். இந்த ஒரு அளவைப் பொறுமையாகப் பார்த்துவிட்டால் மிச்ச வேலையைக் கிராமத்து மெக்கானிக்கும் செய்துவிடலாம். பட்டறை வசதியே இல்லாத தேசங்களுக்கு ஏற்றுமதி செய்யும் வண்டிக்கு இது எத்தனை பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. லைனரை மாற்றினால் எஞ்சினின் கொள்ளளவே மாறிவிடும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், எல்லாவற்றிலும் 92 மி.மீ.தான். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 80 மி.மீ. என்றால் 1,850 சிசி, அது ஃபெர்குசன் டிராக்டர். 85 என்றால் 2,088 சிசி, அது வான்கார்டு. 83 என்றால் 1,991 சிசி, அது டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார். பந்தய விதியில் இரண்டு லிட்டருக்குக் கீழே வரவேண்டும் என்பதற்காகப் போரைக் குறைத்தார்கள். 86 என்றால் 2,138 சிசி, டிஆர்4. மோர்கன் பிளஸ் 4 காரிலும் இதே எஞ்சின்தான். 1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன் ஒரு டிஆர்2வை மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார். உழவு டிராக்டருக்கும் அந்த வண்டிக்கும் எஞ்சின் பிளாக் ஒரே குடும்பம். எஞ்சின் வடிவமைப்பில் இதைவிட நேர்மையான சிக்கனத்தை நான் பார்த்ததில்லை.

தொழிலாளர் விஷயத்திலும் பிளாக் துணிச்சல்காரர். கூலியை உயர்த்தக் கூடாது என்று மற்ற முதலாளிகள் நெருக்கியபோது, முதலாளிகள் சங்கத்திலிருந்தே கம்பெனியை வெளியே கொண்டுவந்தார். 1948இல் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆட்களைப் பெரிய குழுக்களாகப் பிரித்து, குழு செய்த வேலைக்குக் குழுவுக்கே போனஸ் என்று வைத்தார். அன்றைய கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டில் வேலை என்றால் நல்ல சம்பளம் என்று பெயர். அந்தச் சம்பளமே கம்பெனியைக் கவிழ்த்தது என்று பிறகு சிலர் எழுதினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தக் குழு முறையில்தான் ஐந்து லட்சம் டிராக்டர்கள் வெளியே வந்தன.

1953இல் சின்னக் கார் ஒன்று வந்தது, ஸ்டாண்டர்ட் எய்ட். விலை 481 பவுண்டு. விலையைக் குறைப்பதற்காக எதையெல்லாம் விட்டார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். டிக்கிக்கு வெளியே மூடி கிடையாது. பின் சீட்டை மடக்கி உள்ளேயிருந்துதான் சாமான் வைக்க வேண்டும். கண்ணாடி இறங்காது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். வீல் கப் கிடையாது. ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின். 58 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக், 803 சிசி. அடுத்த வருடம் வந்த டென் மாடலில் போர் 63 ஆகி 948 சிசி. 1955 ஆர்ஏசி ராலியை அந்த டென் ஜெயித்தது. உங்கள் தாத்தாவின் ஹெரால்டில் இருப்பதும் இதே 948தான். பின்னால் டிரையம்ப் காலத்தில் போர் 69.3 ஆகி 1,147 சிசி, 73.7 ஆகி 1,296 சிசி, கடைசியில் ஸ்ட்ரோக்கையும் நீட்டி 1,493 சிசி ஆக்கி ஸ்பிட்ஃபயர் காரில் 1980 வரை ஓட்டினார்கள். இதனோடு இரண்டு சிலிண்டர் சேர்த்து நீட்டியதுதான் 1960இல் வந்த வான்கார்டு சிக்ஸின் ஆறு சிலிண்டர் எஞ்சின். அதிலும் ஸ்ட்ரோக் அதே 76 மி.மீ.

இவ்வளவு நல்ல எஞ்சின்கள் கையில் இருந்தும் ஏன் விழுந்தது என்றால், எல்லோரும் முதலில் பிளாக் வெளியேறியதைச் சொல்வார்கள். 1953 நவம்பரில், ரிச்சர்ட்சன் ஓட்டிய ஸ்வாலோ டொரெட்டி காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளாக், பானர் லேன் வாசலருகே விபத்தில் சிக்கி மோசமாகக் காயம்பட்டார். 1954 ஜனவரியில் பதவி விலகினார். உடல்நிலை காரணம் என்று அறிவித்தார்கள். உண்மையில், தொழில்நுட்பத் தலைவர் டெட் கிரின்ஹாமை அவர் நீக்கப் பார்த்ததும், மற்ற இயக்குநர்கள் ஒன்று சேர்ந்து வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. அவருடைய உதவியாளராக இருந்த அலிக் டிக் 37 வயதில் அந்த நாற்காலிக்கு வந்தார். இது பரபரப்பான கதைதான். ஆனால் கம்பெனியின் விதியைத் தீர்மானித்தது இதுவல்ல என்பது என் எண்ணம். அதைத் தீர்மானித்தது பாடி.

கார் கம்பெனி என்றால் எல்லாவற்றையும் தானே செய்யும் என்று நினைக்கிறோம். அன்று பிரிட்டனில் பல கார் கம்பெனிகள் இரும்புத் தகட்டை அழுத்தி பாடி செய்யும் வேலையை வெளியே கொடுத்துவந்தன. ஸ்டாண்டர்டுக்கு முக்கிய பாடிகளைச் செய்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து உருவான பிஎம்சி, ஃபிஷர் அண்ட் லட்லோவை வாங்கிவிட்டது. இன்னொரு பெரிய பாடி கம்பெனியான பிரிக்ஸை ஃபோர்டு வாங்கிவிட்டது. ஆக ஸ்டாண்டர்ட் எய்ட்டின் பாடி எங்கிருந்து வரவேண்டுமென்றால், அதன் நேரடிப் போட்டியாளரான ஆஸ்டின் ஏ30 செய்கிறவர்களிடமிருந்து. ஒப்புக்கொண்டது வரை கொடுப்போம், அடுத்த மாடலுக்குக் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஸ்டாண்டர்ட் முல்லினர்ஸ் போன்ற சிறிய பாடி கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, 1958இல் முல்லினர்ஸை வாங்கவும் செய்தது. ஆனால் அவர்களில் யாரிடமும் முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தரும் பெரிய பிரஸ் இல்லை.

உங்கள் ஹெரால்டின் அமைப்பு முழுக்க இந்த நெருக்கடியில் பிறந்தது. 1959இல் உலகம் சேசிஸ் இல்லாத ஒற்றைக் கூடு பாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஹெரால்டு தனிச் சேசிஸோடு வந்தது. இத்தாலியின் மிக்கெலாட்டி வரைந்த பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்த்தார்கள், ஏனென்றால் துண்டுகள் வேறு வேறு ஊர்ச் சின்ன ஆலைகளிலிருந்து வரவேண்டியிருந்தது. அதில் ஒரு நன்மையும் விளைந்தது. இரண்டு பக்கமும் கிளிப்பைத் தட்டிவிட்டால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த பானட்டும் முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வால்வு இடைவெளி சரிபார்க்கலாம். இன்றுவரை எந்த வண்டியிலும் எனக்கு அத்தனை சுகமான வேலை வாய்த்ததில்லை. சுமார் 25 அடிக்குள் முழு வட்டம் திரும்பும். பின்பக்கம் ஒரே பட்டை ஸ்பிரிங் குறுக்கே படுத்திருக்கும், சக்கரங்கள் தனித்தனியாக ஆடும்; வேகமாக வளைத்தால் பின்சக்கரம் மடங்கப் பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியின் மூக்கில் பிரிட்டனில் டிரையம்ப் என்ற பெயரை ஒட்டினார்கள். ஏன் ஸ்டாண்டர்ட் இல்லை? வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், மற்ற கம்பெனிகள் மலிவான மாடலுக்கு ‘ஸ்டாண்டர்ட்’, விலை கூடினதற்கு ‘டீலக்ஸ்’ என்று பெயர் வைத்ததால் இந்தப் பெயர் மட்டமாகிவிட்டது என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைவிடக் கனமான காரணம் அமெரிக்கா என்றே நான் நினைக்கிறேன். டிஆர் ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே நன்றாக விற்றன. அமெரிக்கர்களுக்கு டிரையம்ப் தெரியும், ஸ்டாண்டர்ட் தெரியாது. 1950களிலேயே ஸ்டாண்டர்ட் டென் காரை அங்கே டிரையம்ப் என்று பெயர் மாற்றித்தான் விற்றார்கள். டாலர் சம்பாதித்துக் கொடுத்த பெயர் பக்கம் கம்பெனி சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கிடையே டிராக்டர் தொழிலிலும் நிலைமை மாறியது. ஃபெர்குசன் 1953இல் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்துவிட்டார். 1956இல் டிராக்டர் ஆலையை நவீனப்படுத்த ஆயிரக்கணக்கானோரை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. தனக்கு டிராக்டர் செய்கிற ஆலை தன் கையிலேயே இருக்கட்டும் என்று மாஸி நினைத்தது. 1959இல் பானர் லேனை ஸ்டாண்டர்ட் அவர்களுக்கே விற்றது. வந்த பணத்தில் பாடி கம்பெனிகளை வாங்கினார்கள், கான்லியில் புதுக் கூடம் கட்டினார்கள். அந்த நேரம் பார்த்து பிரிட்டிஷ் அரசு தவணைக் கடன் விதிகளை இறுக்க, 1960 இறுதியில் கார் விற்பனை படுத்தது. முன்பெல்லாம் கார் படுத்தால் டிராக்டர் தாங்கும். இப்போது தாங்க எதுவும் இல்லை. லேலண்ட் வந்தது, 1961இல் கைமாறியது, அதே வருடம் அலிக் டிக்கும் பெரும்பாலான இயக்குநர்களும் வெளியேற்றப்பட்டார்கள். 1963இல் கடைசி ஸ்டாண்டர்ட் கார்களான என்சைனும் வான்கார்டும் நின்றன. அவற்றின் இடத்தில் வந்தது டிரையம்ப் 2000, உள்ளே வான்கார்டு சிக்ஸின் எஞ்சின். பிறகு டிரையம்ப்பும் பிரிட்டிஷ் லேலண்டின் குழப்பங்களில் சிக்கி, 1980இல் கான்லியில் கார் கட்டுவது நின்று, 1984இல் அந்தப் பெயரும் முடிந்தது.

டிராக்டரை விற்றது தவறா என்று கேட்டால், விவாதத்துக்குரிய விஷயம். மாஸி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போயிருந்தால் ஆலை வெறுங்கூடாக நின்றிருக்கும், அதனால் நல்ல விலை வந்தபோது விற்றதே சரி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. என் பார்வையில் பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1940களின் கடைசியில் டிராக்டர் லாபம் வந்துகொண்டிருந்தபோதே பாடி அடிக்கும் ஆலையை வாங்கிப் போட்டிருக்க வேண்டும். எஞ்சினில் அத்தனை தூரம் யோசித்தவர்கள் தகட்டு வேலையை அடுத்தவர் கையில் விட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் கவென்ட்ரி ஸ்டாண்டர்டும் சேர்ந்து 1948இல் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. ஆலை வண்டலூர் பக்கம், பெருங்களத்தூரை ஒட்டி. முதலில் வான்கார்டு, அப்புறம் எய்ட், டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு. இந்தியக் கம்பெனியின் பெயரே ஸ்டாண்டர்ட் என்பதால் இங்கே ஹெரால்டும் ஸ்டாண்டர்ட் ஆனது. லேலண்ட் கவென்ட்ரி ஸ்டாண்டர்டை வாங்கியபோது இன்னொன்றும் நடந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டின் கூட்டாளியும் அதே லேலண்ட்தான். மெட்ராஸின் வடக்கிலும் தெற்கிலும் இருந்த இரண்டு ஆலைகளுக்கும் சீமைக் கூட்டாளி ஒருவரே ஆகிவிட்டார்.

இங்கே ஹெரால்டு பிரிட்டனில் இல்லாத ஒரு வடிவமும் எடுத்தது. நான்கு கதவு ஹெரால்டு, மார்க் த்ரீ, இந்தியாவில் மட்டும் வந்தது. பிறகு 1970களில் கசேல். அதே 948 எஞ்சின், ஆனால் நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காத ஆடும் பின் ஆக்ஸிலை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்று, ஸ்டாண்டர்ட் 20 வேன் மட்டும் ஓடியது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. ரோவர் எஸ்டி1 என்ற அழகான பெரிய பாடி, அதற்குள் 83 மி.மீ. போர் போட்ட பழைய வான்கார்டு வெட் லைனர் எஞ்சின், 83 குதிரைத்திறன். 1940களில் பிறந்த எஞ்சினால் அந்தக் கனத்தை இழுக்க முடியவில்லை. விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. மாருதி வந்துவிட்ட காலத்தில் யார் வாங்குவார்கள்? 1988இல் நின்றது. ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் வந்த கடைசிக் கார் அதுதான், பிரிட்டனில் நின்று 25 வருடம் கழித்து.

ஸ்டாண்டர்டின் இன்னொரு கிளையும் மெட்ராஸ் வந்து சேர்ந்திருக்கிறது. பானர் லேனில் டிஇ20க்குப் பின் வந்தது ஃபெர்குசன் 35, பின்னாளில் மாஸி ஃபெர்குசன் 35. செம்பியத்தில் டாஃபே கம்பெனி 1960களில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியபோது வந்தது அந்த வம்சம்தான். இன்று நம் வயல்களில் ஓடும் 1035 மாடலைக் கூர்ந்து பார்த்தால் அந்தச் சாயல் தெரியும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். உதிரிபாகம் தேடும்போது ‘டிரையம்ப் ஹெரால்டு 948’ என்று கேளுங்கள். வெறும் ஹெரால்டு என்று கேட்டால் பெரும்பாலும் 1200 அல்லது 13/60 மாடலின் பாகத்தை அனுப்பிவிடுவார்கள். ஸ்ட்ரோக் ஒன்றே என்றாலும் அவற்றின் பிஸ்டன் உங்களுக்கு ஆகாது. ஆர்டர் போடுவதற்கு முன் ஹெட்டைக் கழற்றிப் போர் அளந்துகொள்ளுங்கள். 63 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக, முன்பு போர் அடித்த ஓவர் சைஸாக இருக்கும். நான்கு கதவு வண்டி என்றால் பின்கதவும் அதைச் சுற்றியுள்ள தகடும் வெளிநாட்டில் கிடைக்காது. அவற்றைப் பழைய வண்டிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும், அல்லது நல்ல டிங்கரிடம் தட்டி வாங்க வேண்டும். எஞ்சின் நம்பர் தகட்டையும் சேசிஸ் தகட்டையும் படம் எடுத்துப் போடுங்கள், எந்த மார்க் என்று பார்த்துச் சொல்கிறேன்.